சாக வேண்டிய வரிசை

பிள்ளையள், கையுறை போட்டிட்டால் கை எங்கடை சொல்லைக் கேக்கும் எண்டு நினைக்காதேங்கோ. இருபது வருசத்துக்கு மேலை ஆய்வுகூடத்திலை நிண்டு, கால் வீங்கி, பென்சன் எடுத்த ஒருத்தி சொல்லுறன். உங்களிலை நாலைஞ்சு பேர் இப்ப ஓகூஸ் நகரத்துப் பக்கம் இந்த வேலைக்கு வந்திருக்கிறியள், கேக்கச் சந்தோசம். "அன்ரி, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ, டெனிஷிலை எண்டால் வாசிக்கச் சுகம்" எண்டு கேட்டனீங்கள். நான் தமிழிலைதான் எழுதுவன். வாசிக்கக் கஷ்டமெண்டால் அம்மாவைப் பிடிச்சு வாசிப்பியுங்கோ. பிள்ளை என்ன வேலை செய்யுது எண்டு அவவும் ஒருக்கால் அறியட்டும்.

துளி துளியாய் அளந்து விடுற பிப்பெட்டை என்னெண்டு பிடிக்கிறது, மெஷினை என்னெண்டு கழுவுறது எல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பினம். நான் அதைச் சொல்ல வரேல்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வாறன். இதை என்ரை மனுசனுக்குக்கூட நான் முழுசாய்ச் சொன்னதில்லை. அவர் வாசிச்சால் வாசிக்கட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, சித்திரை மாதம். வன்னியிலை சண்டை முடியிற நேரம். என்ரை அக்காவும் அவவின்ரை மகள் ஜெனியும் சனம் எல்லாம் ஒதுங்கின அந்தக் கடற்கரைத் துண்டுக்குள்ளை அம்பிட்டுப் போச்சினம். மாசிக்குப் பிறகு அவையிட்டை இருந்து ஒரு கதையும் இல்லை. நான் காலமை நாங்கள் இருந்த இக்காஸ்டிலை ரயிலேறி ஓகூஸுக்கு வேலைக்குப் போவன். போனைக் கையுக்குள்ளையே வைச்சிருப்பன். வேலையிலை ஆரும் "எப்பிடி இருக்கிறாய்" எண்டு கேட்டால், "ஓம், எல்லாம் நல்லம்" எண்டு சொல்லிப்போட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டு அங்காலை போயிடுவன். அந்த வருசம் இஞ்சை இருந்த எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் வேலைக்குப் போனவை.

வேலை என்னெண்டால், எங்கடை இரத்தத்திலை பி-கலம் (B) எண்டு ஒருவகை வெள்ளைக் கலம் இருக்கு. கிருமி வந்தால் அது முதிர்ந்து, அந்தக் கிருமியை மடக்கிற பிறபொருளெதிரியைச் சுரக்கிற கலமாய் மாறும். ஒருவகை இரத்தப் புற்றுநோயிலை இந்தக் கலங்கள் பாதி வழியிலை நிண்டிடும். முதிராது, உடம்புக்குள்ளை சாகவும் மாட்டாது, பெருகிக்கொண்டே போகும். ஆனால் அதே கலத்தை வெளியிலை எடுத்துத் தட்டிலை விட்டால் நாலைஞ்சு நாளிலை தன்பாட்டிலை செத்துப்போகும். ஏனெண்டால், உடம்புக்குள்ளை அக்கம்பக்கத்துக் கலங்கள் இன்டர்லூக்கின் எண்ட புரதங்களை விட்டு அதோடை கதைச்சுக்கொண்டே இருக்கும். ஒரு புரதம் "சாகாதை" எண்டு சொல்லும். இன்னொண்டு "முதிர்" எண்டு சொல்லும். கதைக்க ஆளில்லாட்டில் அது நிண்டு பிடிக்காது. அந்தப் புரதங்களை நாங்கள் அளந்து குடுத்து, பாதியிலை நிண்ட கலத்தை மிச்ச வழியும் நடக்கப் பண்ணேலுமோ எண்டு பாத்தம்.

ஒரு தட்டிலை எட்டு வரிசைக் குழி. ஏழு வரிசைக்குப் புரதம் விதவிதமாய்க் கலந்து குடுப்பம். எட்டாவதுக்கு வெறும் ஊட்டநீர் மட்டும். அதுதான் கன்ட்ரோல். அந்த வரிசை சாகவேணும். அது செத்தால்தான், மற்ற ஏழும் உயிரோடை இருக்கிறதுக்குப் புரதம்தான் காரணம் எண்டு சொல்லலாம்.

எங்களுக்குத் தலைவியாய் இருந்தவ ஒரு டொக்டர். டெனிஷ்காரி, அறுபது வயதிருக்கும், சைக்கிளிலை வருவா, மழையிலை நனைஞ்சால் காலுறையை ஹீற்றரிலை காயப்போட்டிட்டு வெறுங்காலோடை கூட்டத்துக்கு வருவா. நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுறனான், இந்த நாட்டிலை அப்பிடித்தானே. இஞ்சை அந்தப் பேரை எழுத விருப்பமில்லை. ஆஸ்பத்திரியிலை நோயாளியளைப் பாக்கிறதும் அவதான், ஆய்வுகூடத்தை நடத்திறதும் அவதான். நோயாளியளின்ரை பேர் அவவுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு நம்பர்தான். அந்த மாதம் இருபத்திரண்டாம் நம்பர் மனுசன்ரை தட்டு என்ரை பொறுப்பு. மற்ற நம்பருகள் எல்லாம் என்னோடை வேலை செய்த ஒரு டெனிஷ் பிள்ளையின்ரை பொறுப்பு.

ஆறாம் நாள் டொக்டர் மைக்ரோஸ்கோப்பிலை குனிஞ்சா. கனநேரம் நிமிரேல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டா.

"கடைசி வரிசை சாகேல்லை," எண்டா.

நான் பாத்தன். புற்றுநோய்க் கலம் எண்டால் சின்னனாய், உருண்டையாய், உள்ளுக்குக் கரு மட்டும் நிறைஞ்சு கிடக்கும். ஆறாம் நாள் அது சுருங்கி உடைஞ்சு தூளாய்க் கிடந்திருக்கவேணும். இவை மினுமினுத்துக்கொண்டு கிடந்தினம். சிலது பெருத்திருந்தது. கரு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. முதிர்ற கலம் அப்பிடித்தான் இருக்கும். ஊட்டநீரை எடுத்து அளந்து பாத்தால், அதுக்குள்ளை பிறபொருளெதிரி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல், ஒண்டும் குடுக்காமல், அவை தங்கடை வேலையைத் தொடங்கியிருந்தவை.

டொக்டர் திரும்பவும் குனிஞ்சு, அந்தக் கலங்களைப் பாத்து மெல்லிய குரலிலை கேட்டா: "ஆர் உங்களோடை கதைச்சது?"

வெளியிலை நல்ல வெய்யில், பத்து மணி, கீழை ஆரோ புல்லு வெட்டுற சத்தம். அந்தச் சத்தத்துக்குள்ளையும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

பிழை விட்டிருப்பம் எண்டு இரண்டாம் தட்டுப் போட்டம். புது ஊட்டநீர், புதுத் தட்டு, தட்டைச் சூட்டிலை வைக்கிற இன்கியூபேட்டரும் வேறை. அதிலையும் கடைசி வரிசை சாகேல்லை. மற்றப் பிள்ளையின்ரை தட்டுகளிலை கடைசி வரிசை எல்லாம் ஒழுங்காய்ச் செத்துக் கிடந்தது. அவள் வந்து எட்டிப் பாத்திட்டு, "உன்ரை கை பட்டால் சாகாது போல கிடக்கு," எண்டு சிரிச்சுப்போட்டுப் போனாள். அவள் பகிடிக்குச் சொன்னாள். எனக்கு அது பகிடியாய்ப் போகேல்லை.

சொல்ல வெட்கமாய்க் கிடக்கு, ஆனாலும் சொல்லுறன். நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போற ஆள். கையை வைச்சு ஜெபிச்சால் எழும்புவினம் எண்டு நம்புற ஆள். அந்தக் கிழமையிலை இருந்து காலமை வந்து கோட்டைக் கழட்ட முதல் இன்கியூபேட்டரைத் திறந்து அந்த வரிசையைத்தான் பாப்பன். அது உயிரோடை இருந்தால் அக்காவும் உயிரோடை இருக்கிறா. அப்பிடி ஒரு கணக்கு எனக்குள்ளை தன்பாட்டிலை வந்திட்டுது. முப்பத்தேழு பாகைச் சூட்டிலை, ஒருத்தரும் கதைக்காத இடத்திலை, சாகவேண்டிய ஒண்டு சாகாமல் கிடக்கு எண்டால், கடற்கரையிலை ஏன் கிடக்கேலாது? விசர்க்கதைதான். ஆனால் அப்ப எனக்கு வேறை செய்தி ஒண்டும் இல்லை.

பிறகு டொக்டர் என்னை இருத்திக் கதைச்சா. இருபத்திரண்டாம் நம்பர் மனுசனுக்கு அடுத்த கிழமை மருந்து தொடங்கிறதாய் இருந்ததாம். நெறி கட்டி வீங்கிக்கொண்டு வருதாம், காய்ச்சல், உடம்பும் மெலிஞ்சு போச்சுதாம். அந்த மருந்து பி-கலம் எல்லாத்தையும் சேத்து அழிச்சுப்போடும். "ஆனால் இந்த மனுசன்ரை கலங்கள் தங்களுக்குத் தாங்களே சமிக்ஞை குடுத்து முதிருதெண்டால், கோடை முடியுமட்டும் பொறுத்துப் பாக்கலாம்," எண்டா. "மூண்டாம் தட்டும் இப்பிடி வந்தால் வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் எடுத்து மருந்தைப் பின்னுக்குப் போடுவன்."

"பொறுத்தால் அவருக்கு என்ன?" எண்டு கேட்டன்.

"நாங்கள் சரியெண்டால் நல்லது. பிழையெண்டால், அந்த மூண்டு மாதம் அவருக்குத் திரும்பக் கிடையாது."

அவ அவசரப்படுற ஆளில்லை பிள்ளையள். இரண்டு தரம் கண்டதை நம்பினா, என்ரை கையை நம்பினா. அதுதான் எனக்கு இண்டைக்கும் குத்துது.

மூண்டாம் தட்டின்ரை மூண்டாம் நாள், புதன்கிழமை மத்தியானம், திரும்பவும் புரதம் போடுற நாள். மற்றவை சாப்பிடப் போயிட்டினம். நான் தனிய நிண்டு ஏழு வரிசைக்கும் போட்டு முடிச்சன். அந்த நேரம் பொக்கெற்றுக்குள்ளை போன் அதிர்ந்துது. நான் அப்பிடியே நிண்டிட்டன். நிண்ட இடத்திலை என்ரை கையைப் பாத்தன்.

என்ரை கை எட்டாவது வரிசைக்கு மேலை நிண்டுது. பிப்பெட்டின்ரை நுனியிலை ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரியும், கலவை தயாரிக்கேக்கை எப்பவும் கணக்குக்கு மேலாலை ஒரு பங்கு கூடத்தான் கலக்கிறது, முடிவிலை குறையக்கூடாது எண்டு. அந்தக் கூடின பங்கு மிஞ்சும். குழாயோடை குப்பைக்குப் போடவேணும். நான் இவ்வளவு வருசமும் போட்டனான்தான். ஆனால் அந்தச் சித்திரை முழுக்க அந்த மிச்சம் குப்பைக்குப் போகேல்லை. எங்கை போனது எண்டு இப்ப என்ரை கையே எனக்குக் காட்டிக்கொண்டு நிண்டுது.

எங்கடை ஊர்க் கிறிஸ்தவ வீடுகளிலை ஒரு பழக்கம். உலை வைக்க முதல் அரிசியிலை ஒரு பிடி எடுத்துப் புறம்பாய் ஒரு பானையிலை போடுவினம். பிடியரிசி எண்டு சொல்லுறது. ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போய், இல்லாத ஆக்களுக்குப் போகும். வீட்டிலை எவ்வளவு பஞ்சமெண்டாலும் அந்தப் பிடியிலை கை வைக்கேலாது. நானும் அக்காவும் சின்னனிலை அதை முறை வைச்சு அள்ளிப் போட்டனாங்கள். ஆய்வுகூடத்திலை நாங்கள் கலத்துக்குப் புரதம் போடுறதை "சாப்பாடு குடுக்கிறது" எண்டுதானே சொல்லுறது. அங்கை சனம் கஞ்சிக்கு வரிசையிலை நிண்டு செல் குண்டு விழுந்து சாகுது எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு, இஞ்சை ஏழு வரிசைக்குச் சாப்பாடு குடுத்திட்டு, மிஞ்சின பங்கைக் குப்பையிலை கொட்டிறதுக்கு என்ரை கைக்கு மனம் வரேல்லை. ஒண்டும் கிடைக்காத வரிசைக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கு. என்னைக் கேக்காமல் போட்டிருக்கு.

பிப்பெட்டை மெல்லமாய்க் கீழை வைச்சிட்டு, கையுறையைக் கழட்டிப் போனை எடுத்தன். ஜெனி.

"சின்னம்மா, நான் வெளியிலை வந்திட்டன். முகாமிலை நிக்கிறன். ஒரு ஆளின்ரை போன், கனக்கக் கதைக்கேலாது."

"அம்மா எங்கையடி? அம்மா வந்திட்டாவோ?"

"அம்மா பின்னாலை வாறன் எண்டவ, சின்னம்மா."

"வருவா, வருவா," எண்டு நான் சொல்ல, போன் கட்டாகிப் போச்சுது.

அந்த நேரமே நான் போய் டொக்டரிட்டைச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. வேலை போயிடும் எண்ட பயமோ எண்டு கேப்பியள். அதுவும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒண்டு இருந்தது. நான் வாயைத் திறந்தால் அந்த வரிசை செத்துப்போகும். அது செத்தால், பின்னாலை வாற அக்கா வந்து சேரமாட்டா. சிரிக்காதேங்கோ. கணிதமும் இரசாயனமும் படிச்ச மனுசிதான் நான். வியாழக்கிழமை காலமை தட்டைத் திறந்து பாத்தன். தட்டுத் தொடங்கின அண்டைக்கு என்ரை கை போட்டதிலையே அவை உயிரோடை பெருத்துக்கொண்டு கிடந்தினம். ஆரும் பக்கத்திலை இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்," எண்டு தமிழிலை அவைக்குச் சொன்னன். சொல்லிப்போட்டு எனக்கே என்னைப் பாக்கப் பயம் வந்திட்டுது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டொக்டர் தட்டைப் பாத்திட்டுத் தலையை ஆட்டினா. மேசையிலை இருந்து போனை எடுத்து நம்பரை அமத்தினா. நான் பக்கத்திலை நிண்டனான். அங்காலை ஒரு ஆம்பிளைக் குரல் "ஹலோ" எண்டுது. பிறகு இருமினார். இருமல் நிக்கேல்லை. டொக்டர் காத்துக்கொண்டிருந்தா. இவ்வளவு நாளும் எனக்கு அவர் ஒரு நம்பர். வரிசை ஒண்டு, வரிசை இரண்டு. அந்த இருமலைக் கேட்டாப்பிறகுதான் அவருக்கும் ஒரு வீடு, அந்த வீட்டிலை இருமலைக் கேட்டுக்கொண்டு இருக்கிற ஒரு ஆள் இருக்கும் எண்டு எனக்கு உறைச்சுது.

"வையுங்கோ," எண்டன். "போனை வையுங்கோ."

டொக்டர் என்னைப் பாத்தா. "பத்து நிமிசத்திலை திரும்ப எடுக்கிறன்," எண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டு வைச்சா.

நான் சொன்னன். மிச்சத்தைச் சொன்னன், கையைச் சொன்னன், பிடியரிசியைக்கூட டெனிஷிலை என்னெண்டோ சொன்னன். அவ குறுக்கிடேல்லை. முடிஞ்சாப்பிறகு என்ரை கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தா, முகத்தைப் பாக்கேல்லை.

"எத்தினை தரம்?"

"தெரியாது. நான் ஒருக்காத்தான் கண்டனான்."

"அது சாப்பாடு இல்லை," எண்டா. "கலத்துக்குப் பசி இல்லை. நாங்கள்தான் அப்பிடிப் பேர் வைச்சிருக்கிறம்." கோபமாய்ச் சொல்லேல்லை. பிறகு கேட்டா, "உமக்கு ஆர் அங்கை இருக்கினம்?"

அந்த ஒரு மாதமும் நான் அவவுக்குப் பக்கத்திலை நிண்டுதான் வேலை செய்தனான். நானும் சொல்லேல்லை, அவவும் கேக்கேல்லை. இரண்டு பேருக்கும் அது வேலை இடம். அக்கா எண்டன்.

அவ அந்த மனுசனுக்குப் போன் எடுத்தா. "திங்கக்கிழமை வாங்கோ. மருந்து தொடங்குவம்," எண்டா. வைச்சிட்டு என்னட்டைத் திரும்பினா. "மருந்துக்கு முதல் அவரிட்டை இரத்தம் எடுத்து நாலாம் தட்டுப் போடவேணும். ஆர் செய்யிறது?"

"நான்."

"மிச்சம்?"

"குப்பைக்கு."

அந்தத் தட்டை நான் போடேக்கை அவ கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்திலை இருந்தா. ஏழு வரிசையும் முடிஞ்சு, குழாயிலை மிச்சம் கிடந்தது. குழாயை மூடிக் குப்பைக்குள்ளை போட்டன். அந்தச் சின்னச் சத்தம் இப்பவும் காதிலை கிடக்கு. மூண்டாம் நாளும் அப்பிடித்தான், அவவும் நானும்.

ஆறாம் நாள் எண்ணவேணும். நீலச் சாயம் போட்டால் செத்த கலம் நீலமாகும், உயிரோடை இருக்கிறது சாயத்தை உள்ளுக்கு விடாது. அந்த நாளிலைதான் அங்கை எல்லாம் முடிஞ்சுது எண்டு செய்தி வந்தது. ரயிலுக்குள்ளை போனிலை பாத்திட்டு, இறங்கி, நடந்து வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாலை இருந்தன். வீட்டை போ எண்டு டொக்டர் சொன்னா. நான் போகேல்லை. எட்டாவது வரிசை முழுக்க நீலம். ஒவ்வொண்டாய், எண்ணுற மெஷினை அமத்தி அமத்தி எண்ணினன். அங்கை செத்த சனத்தை எண்ண ஒருத்தரும் இல்லை. இஞ்சை ஒரு துளிக்குள்ளை செத்ததை எண்ண எனக்குச் சம்பளம் தந்து கதிரையும் தந்திருக்கினம். அந்தக் கோபத்திலை அழுதன். அழுதது மைக்ரோஸ்கோப்புக் கண்ணாடியிலை பட்டுது, துடைச்சுப்போட்டுத் திரும்ப முதலிலை இருந்து எண்ணினன்.

"எல்லாமோ?" எண்டு டொக்டர் கேட்டா.

"ஓம், எல்லாம்," எண்டன். எழுதிக் கையெழுத்து வைச்சன். முதல் மூண்டு தட்டின்ரை முடிவையும் நானே கோடு போட்டு வெட்டி, ஏன் எண்டும் எழுதினன். என்னை அவ வேலையாலை நிப்பாட்டேல்லை. இருபத்திரண்டாம் நம்பருக்கு மருந்து பிடிச்சுது எண்டு ஆவணியிலை ஒரு நாள் கோப்பி குடிக்கேக்கை சொன்னா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிள்ளையள், உங்களுக்கு விருப்பமான முடிவு வந்தால் அண்டைக்கு இரண்டு மடங்கு பயப்பிடுங்கோ. வீட்டிலை ஒருத்தர் சாகக் கிடக்கேக்கை, சாகவேண்டிய வரிசையை மற்ற ஆளிட்டைக் குடுங்கோ. "இண்டைக்கு என்னாலை ஏலாது" எண்டு சொல்லுங்கோ. அதிலை ஒரு வெட்கமும் இல்லை. நான் சொல்லாமல் விட்டதாலை ஒரு மனுசன்ரை மூண்டு மாதம் போகப் பாத்துது.

அந்த நாளிலை முகாமிலை இருந்து ஜெனி இடைக்கிடை ஆரின்ரையோ போனிலை எடுப்பாள். நான் எடுத்த எடுப்பிலை "அம்மா வந்திட்டாவோ" எண்டுதான் கேப்பன். "இன்னும் இல்லைச் சின்னம்மா, பின்னாலை வாறா," எண்டு சொல்லுவாள். மூண்டு தரம் நான் அப்பிடிக் கேக்க, மூண்டு தரமும் அவள் அப்பிடிச் சொன்னாள். அந்தத் தட்டை எண்ணி முடிச்ச அடுத்த கிழமை திரும்ப எடுத்தாள். நான் கேக்கேல்லை. கனநாளாய் வாய்க்குள்ளை வைச்சிருந்ததை அண்டைக்குச் சொன்னன்.

"ஜெனி, அம்மா இனி வரமாட்டா, பிள்ளை."

அங்காலை ஆரோ தண்ணிக்கு வரிசையிலை நிண்டு சண்டை பிடிக்கிறது மட்டும் கேட்டுது.

"எனக்குத் தெரியும் சின்னம்மா," எண்டாள். "நான்தான் மண் போட்டு மூடிப்போட்டு வந்தனான். நீங்கள் 'வந்திட்டாவோ' எண்டு கேக்கேக்கை உங்கடை குரல் சந்தோசமாய் இருந்தது. அதாலைதான் சொல்லேல்லை."

அவளுக்கு அப்ப பதினாறு வயது.